புதன்கிழமை பிரியாணி

கேண்டீன் மேடையில் முதல் தட்டு கவிழ்ந்தபோது இராஜமாணிக்கம் அது கைதவறி நடந்ததென்றே நினைத்தான். "பாத்து அக்கா" என்று சொல்லிவிட்டு, கரண்டியில் சாம்பாரோடு காத்திருந்தான். வரிசையில் முதலாக நின்ற லட்சுமம்மா தட்டை நிமிர்த்தவில்லை. மேடைமேல் குப்புறக் கிடந்த தட்டை இரண்டு விரலால் அவன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, சாமி கும்பிட்டு நகர்கிறவள் போல நிதானமாகப் போய் மேசையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவனும் அப்படியே செய்தான். அதற்குப் பின்னால் வந்த பெண்ணும். கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. ஒவ்வொருவராக வந்து அவன் எதிரில் நின்று, தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். ஏழெட்டுப் பேர் போன பிறகுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. உறைத்த பிறகும் கரண்டியைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

வரிசையின் நடுவாக்கில் தமயந்தி வந்தாள். அவன் பெண்டாட்டி. அவள் உள்ளே டெலிபோன் பலகைகளுக்கு ஈயம் பற்றவைக்கிற பிரிவில் வேலை செய்கிறாள், அவன் அதே காம்பவுண்டுக்குள் காண்டிராக்டுக்காரரின் கேண்டீனில் சமைக்கிறான். இது கம்பெனி முழுக்கத் தெரிந்த சங்கதி. அவள் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் பின்னால் நிற்கிறவர்கள் "நம்மளயும் கொஞ்சம் கட்டிக்கோ மாஸ்டர்" என்று கிண்டல் செய்வார்கள். அன்றைக்கு யாரும் கிண்டல் செய்யவில்லை. எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். அவள் தட்டை மட்டுமே பார்த்தாள். கவிழ்த்தாள், போனாள். முந்தின ராத்திரி பக்கத்தில் படுத்திருந்தவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அவனை முதலில் குத்தியது.

காரணம் என்னவென்று கேட்டால் வெளியில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஹெப்பகோடியில் இருந்த அந்தக் கம்பெனியில் பட்டன் டெலிபோன்கள் செய்தார்கள். தொண்ணூற்றேழாம் வருஷம் அது. ஊரில் எல்லா வீட்டுக்கும் போன் வரத் தொடங்கியிருந்த காலம், அதனால் ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது. வேலை கெடக்கூடாதென்று ஒரு பிரிவுக்கு இரண்டே இரண்டு பாஸ் கொடுத்திருந்தார்கள். பாஸ் கையில் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். அட்டைக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடாவும் வைத்திருந்தார்கள், அந்த மட்டில் நல்ல ஏற்பாடுதான். ஒருநாள் தமயந்திக்கு முடியவில்லை. இரண்டு பாஸும் வெளியே போயிருந்தன. சூப்பர்வைசர் கையை விரித்தார். பக்கத்து ஸ்டூலில் இருந்த யூனிஸ், ஜீவனஹள்ளிக்காரி, வாயும் தைரியமும் ஒன்றுக்கொன்று சளைக்காதவள், எழுந்து நின்று, "நீ போ தமயந்தி, நான் பேசிக்கிறேன்" என்றாள். தமயந்தி போனாள். அவள் திரும்பி வந்தபோது யூனிஸின் ஸ்டூல் காலியாக இருந்தது. யூனிஸுக்காகப் பேச எழுந்த இன்னும் இரண்டு பெண்களின் ஸ்டூல்களும் காலி. மூவரும் சஸ்பெண்ட். சண்டை நடந்தபோது அறையில் இல்லாத தமயந்தியின் பெயர் மட்டும் எதிலும் வரவில்லை.

யூனியன் சும்மா இருக்கவில்லை. முதலில் எல்லோரும் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டார்கள். பர்சனல் மேனேஜர் ஓஸ்வால்ட் அதைப் பார்த்து, ஒரே அளவாக அழகாக வெட்டியிருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். பிறகு ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டில் நின்று கோஷம் போட்டார்கள். ஓசூர் ரோட்டில் போகிற லாரிகளின் ஹாரனுக்கு நடுவே அது பக்கத்து டீக்கடைக்கே கேட்கவில்லை. வேலையை நிறுத்தினால் சம்பளம் போகும், ஆளையே மாற்றிவிடுவார்கள். அப்போதுதான் செயலாளர் லட்சுமம்மா இந்த வழியைக் கண்டுபிடித்தாள். ஆனேக்கல் பக்கத்துக்காரி, பதினைந்து வருஷ சர்வீஸ். எதையும் உடைக்க வேண்டாம், எதையும் நிறுத்த வேண்டாம், கம்பெனி போடுகிற சோற்றை வேண்டாம் என்று சொன்னால் போதும். வீட்டிலிருந்தும் கொண்டுவர முடியாது, டிபன் பாக்ஸில் பார்ட்ஸ் திருட்டுப் போகிறதென்று கேட்டிலேயே தடுத்துவிடுவார்கள். ஆகவே வீடு திரும்புகிற வரை வெறும் வயிறு. கேண்டீனுக்குப் போகாமல் இருந்துவிட்டால் தொழிலாளர்களுக்குப் பசியில்லை என்று மேலே எழுதி அனுப்பிவிடுவார்கள் என்று லட்சுமம்மா சொன்னாளாம். வரிசையில் வர வேண்டும், தட்டு எடுக்க வேண்டும், சோற்றின் முன்னால் நின்று கவிழ்க்க வேண்டும். மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஓஸ்வால்ட் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரி. ஆனால் சோற்றின் முன்னால் நின்றால் சோற்றுக்குப் பின்னால் நிற்பது யார் என்று யாரும் யோசிக்கவில்லை.

இராஜமாணிக்கத்துக்குப் போராட்டம் என்றால் அதுவரை ஷட்டர் இறங்குகிற சத்தம்தான். தொண்ணூற்றொன்றில் காவேரிக் கலாட்டாவில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்தபோது அவன் ஈஜிபுராவில் ஒரு சின்ன பிரியாணிக் கடையில் மாஸ்டராக இருந்தான். முதலாளி ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடிவிட்டார். உள்ளே அவனும் தேக்சா நிறையச் சூடான பிரியாணியும் மட்டும். வெளியே ஓடுகிற காலடிகள் கேட்கும்போதெல்லாம் பிரியாணி வாசனை ஷட்டர் இடுக்கு வழியாகப் போய்த் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று ஈரத்துணியால் மூடியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு இருட்டுகிற வரை உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு பந்த் என்றால் கதவைச் சாத்திக்கொள்வான், ஊர்வலம் என்றால் சந்துக்குள் திரும்பிவிடுவான். போராட்டம் வெளியே நடக்கும், அவன் உள்ளே இருப்பான் என்பது அவனுக்கு ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது. இப்போது அது வரிசையாக வந்து, மரியாதையாக, அவன் முகத்துக்கு நேரே நிற்கிறது. ஷட்டர் இல்லாத இடத்தில் எதை இறக்குவது?

அந்த வெள்ளிக்கிழமை சமைத்ததெல்லாம் நீல டிரம்முக்குப் போனது. பன்றி வளர்க்கிற ஒருவன் வழக்கமாக மிச்சம் மீதியை எடுத்துப் போவான், அவனுக்கு அன்று தலைகால் புரியவில்லை. பாத்திரம் கழுவுகிற வனஜா, "நாமளாவது ஒரு வாய் சாப்பிடுவோம் மாஸ்டர், நம்மள யாரும் யூனியன்ல சேக்கல" என்று தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். உண்மைதான், காண்டிராக்ட் ஆட்களை யூனியன் சேர்ப்பதில்லை. அவன் சாப்பிடவில்லை. இத்தனை பேர் வேண்டாம் என்று சொன்னதைத் தான் மட்டும் வாயில் வைக்க மனம் வரவில்லை. சனிக்கிழமையும் அப்படியே, திங்களும் அப்படியே.

சாயந்திரம் ஈஜிபுரா வீட்டுக்குத் தமயந்தி கம்பெனி பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிடுவாள். அவன் இரண்டு பஸ் மாறி வருவான். வீட்டில் சமையல் அவள் பொறுப்பு. பெரிய தேக்சாவில் சமைக்கிற கைக்குச் சின்னச் சட்டி பழகவில்லை என்று அவன் எப்போதும் சாக்குச் சொல்வான். அந்த நாட்களில் மட்டும் அவள் சட்டியை இறக்கியதும் அவன் கரண்டியை வாங்கிக்கொண்டான். அவள் தட்டில் அவனே போட்டான். பசியில் அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். மகள் வைஷ்ணவி பக்கத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். திங்கட்கிழமை அவன் கேட்டுவிட்டான்.

"முன்னாடியே சொல்லியிருந்தா இன்னாவாம்?"

"சொன்னா நீ வேணான்னு சொல்லுவ. அப்புறம் நான் உன் மூஞ்சியப் பாக்கணும், அவங்க மூஞ்சியயும் பாக்கணும்." ஒரு வாய் விழுங்கிவிட்டுச் சொன்னாள். "உன்ன வேணான்னா சொன்னேன்? கம்பெனியத்தான சொன்னேன்."

"கம்பெனி மாடியில கண்ணாடிக்குப் பின்னாடி நிக்குது. தட்டு கவுறது என் முன்னாடி."

அவள் சோற்றைப் பிசைந்தாள். "யூனிஸ் இன்னும் ஸ்டூலுக்கு வர்ல" என்றாள். அவன் அவள் தட்டில் ரசம் ஊற்றினான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டிரம் நிறைந்த பிறகு ஓஸ்வால்ட் சமையல்கட்டுக்குள்ளேயே வந்தார். அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. தரை ஈரமாக இருந்ததால் ஷூவைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தார். கூடவே காண்டிராக்டர் நாணு. தலச்சேரிக்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த மனிதர். பயந்தவர்கள் நல்லவர்களாக இருப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதை இராஜமாணிக்கம் பல முதலாளிகளிடம் பார்த்திருக்கிறான். நாளைக்குப் பிரியாணி என்றார் ஓஸ்வால்ட்.

கம்பெனியில் மாதம் ஒருமுறை பிரியாணி உண்டு, அதுவும் புதன்கிழமைதான். அந்தக் கிழமையை நாணு உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருந்தார். திங்கள் கன்னடக்காரர்கள் கறி தொடமாட்டார்கள், செவ்வாய் முருகன், வியாழன் ராகவேந்திரர், வெள்ளி தமிழ்ப் பெண்களுக்கு ஆகாது, தவக்காலத்தில் கிறிஸ்தவர்களுக்கும் ஆகாது, சனி அனுமார். எந்தச் சாமியும் ஆட்சேபிக்காத ஒரே நாள் புதன். அன்றைக்கு வரிசை கேண்டீன் வாசலைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டு வரை நிற்கும். இராஜமாணிக்கம் ஆம்பூரில் கல்யாணச் சமையலில் தொழில் பழகியவன். சீரகச்சம்பா அரிசியில் அவன் போடுகிற பிரியாணிக்காக அன்றைக்கு லீவு போடாதவர்கள் உண்டு. இந்த மாதத்துப் பிரியாணி முடிந்துவிட்டது. ஆனாலும் நாளைக்கு இன்னொன்று.

"நாலு நாளாப் பட்டினி. வாசனை வந்தா ஒருத்தராவது தட்ட நீட்டுவாங்க. ஒருத்தர் நீட்டினா போதும்" என்றார் ஓஸ்வால்ட். அவர் அதை வில்லத்தனமாகச் சொல்லவில்லை. மெஷின் எங்கே மாட்டிக்கொண்டது என்று சொல்கிற மெக்கானிக் போலச் சொன்னார்.

அவர் போனபின் நாணு அவன் தோளில் கை வைத்தார். "நாளைக்கும் கவுத்தா திங்கள்லேர்ந்து கேண்டீன் வேண்டாங்கிறாரு. வெளியிலேர்ந்து பொட்டலம். எனக்கு வேற ரெண்டு இடம் உண்டு, ஞான் எப்படியும் ஓட்டிக்குவேன். நீ, வனஜா, இவங்கள்லாம் எங்க போவீங்க? நல்லா பண்ணு ராஜமாணிக்கம். உன் கையில இருக்கு எல்லாம்."

வேலைக்கு வந்த நாளிலிருந்து யாராவது ஒருநாள் உன் கையில் எல்லாம் இருக்கிறது என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறான். சொன்னபோது, வேறு யாரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது.

வீட்டில் இதை மறைக்கத்தான் பார்த்தான். ஆனால் அவன் முகம் மறைக்கிற முகமில்லை. தமயந்தி இரண்டு கேள்வியில் கறந்துவிட்டாள். கேட்டுவிட்டு நெடுநேரம் அடுப்புத் திட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"நல்லா செய்யாத" என்றாள் கடைசியில்.

"இன்னா?"

"உப்ப அள்ளிப் போட்டுரு. அடி புடிக்க விட்டுரு. ஒரு நாளைக்கு. யாராச்சும் ஒருத்தர் நீட்டுனாலும் ஒரு வாயோட எழுந்திரிச்சிருவாங்க."

"எனக்குக் கெடுத்துச் செய்ய வராது தமயந்தி."

"எனக்கு மட்டும் உன் எதுர்ல தட்டக் கவுக்க வருதா?"

அவள் குரல் உயரவில்லை. அழவும் இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியில் நாலு நாளும் அவள் ஏன் தட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தாள் என்பது அவனுக்கு விளங்கியது. விளங்கியதும் இன்னும் மோசமாக இருந்தது. இருவரும் விளக்கணைத்துப் படுத்தார்கள். வேலை போனால் வாடகைக்கு அவள் சம்பளம் காணும், பள்ளிக்கூடத்துக்குக் காணாது என்று அவன் மனம் போய்க்கொண்டே இருந்தது. உப்பை அள்ளிப் போடுவதைக் கற்பனை செய்து பார்த்தான். கற்பனையில்கூடக் கை பாதியில் நின்றது.

விடிவதற்கு முன்பே கேண்டீனுக்குப் போய்விட்டான். நாணுவிடம் முந்தின நாளே விறகு கேட்டு வாங்கியிருந்தான். கேஸ் அடுப்பில் எதையும் சமைக்கலாம், பிரியாணியை மட்டும் ஏமாற்றத்தான் முடியும் என்பது அவன் கட்சி. பின்கட்டில் செங்கல் அடுக்கி மூன்று தேக்சாக்களையும் ஏற்றினான். எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய். முதலில் பூண்டு விழுது, அதன் பச்சை வாசனை போன பிறகே இஞ்சி. இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்களை அவன் மாஸ்டர் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது எண்ணெயில் விழுந்து நிறம் பிரிந்தபோது வனஜா மூன்று முறை தும்மினாள். வெங்காயம், தக்காளி, புதினா, தயிர், கோழி. எல்லாம் தன் போக்கில் நடந்தது. உப்பு ஜாடி வந்ததும் கை நின்றது.

ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். நெருப்பு அவனுக்காகக் காத்திராமல் எரிந்துகொண்டிருந்தது. ஒரு கை சேர்த்துப் போட்டால் போதும். யாருக்கும் தெரியாது, நாலு நாள் கலவரத்தில் மாஸ்டர் தடுமாறிவிட்டான் என்பார்கள். அவன் எதிரில் வந்து தட்டைக் கவிழ்த்தவர்களின் முகங்களை நினைத்துப் பார்த்தான். வெள்ளிக்கிழமை சாம்பார், சனிக்கிழமை தக்காளிச் சோறு. அதை எல்லாம் வேண்டாம் என்று வைத்தார்கள். இன்றைக்கு வாயில் வைக்க முடியாத ஒன்றை அவர்கள் முன்னால் வைத்து, அதை அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அதில் என்ன இருக்கிறது? கெட்டுப்போனதை வேண்டாம் என்று நாய்கூடத்தான் சொல்லும். பசித்த வயிறு நல்ல சோற்றின் முன்னால் நின்று வேண்டாம் என்றால்தான் மாடியில் இருக்கிறவனுக்குக் கேட்கும். அவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு மதிப்பு வேண்டும். அந்த மதிப்பைக் கொடுக்க அந்தக் காம்பவுண்டில் அவன் ஒருத்தனால்தான் முடியும்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. நெஞ்சு அதை நம்பவில்லை. நீட்டிவிட்டால்? ஒரே ஒருத்தர், பாவம், பசி தாங்காமல் நீட்டிவிட்டால் யூனிஸின் ஸ்டூலைத் தூக்கி வெளியில் போட்டவன் அவன்தான். கைகளைத் துடைத்துக்கொண்டு அளவான உப்பைப் போட்டான். ருசி பார்த்தான். இன்னும் ஒரு சிட்டிகை போட்டான்.

அரைவேக்காட்டில் வடித்த அரிசியைச் சேர்த்து, மூடிபோட்டு, மூடியின் மேல் கனலை வாரி வைத்து, பக்கத்திலேயே ஒரு டின்மேல் உட்கார்ந்தான். தம் போடுகிற நேரத்தில் மாஸ்டருக்கு வேலை இல்லை, கவலைப்படலாம். அப்போது வனஜா வந்து அருகில் குந்தினாள்.

"மாஸ்டர், காலையில ஓஸ்வால்ட் சார் உன் ஊட்டம்மாவ ரூமுக்குக் கூப்ட்டாராம். செக்யூரிட்டி சொன்னான்."

"இன்னாத்துக்கு?"

"இன்னிக்கு நீ மொதல்ல தட்ட நீட்டும்மா, உன் புருஷன கம்பெனி ஆளாவே எடுத்துக்கிறோம்னு சொன்னாராம். பர்மனென்ட்டு."

"அது இன்னா சொல்லிச்சாம்?"

"ஒண்ணும் சொல்லலியாம். சும்னே நின்னுட்டு வந்துட்ச்சாம்."

கம்பெனி ஆள். பஸ், பி.எஃப்., ஆஸ்பத்திரிக் கார்டு. கழுத்தில் படத்தோடு அடையாள அட்டை. அவன் நாலு வருஷமாக ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நாணுவிடம் கேட்டு, நாணு மேலே கேட்டு, நடக்காத காரியம். அதை அவள் கையில் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். அவள் என்ன செய்வாள் என்று அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஆறு வருஷம் கூட வாழ்ந்தும் தெரியவில்லை என்பது அவனைப் பயமுறுத்தியது. அதைவிடப் பயம், அவள் நீட்ட வேண்டும் என்று தன் மனசின் ஏதோ ஒரு மூலை ஆசைப்படுவது. அந்த மூலையை அவன் அடையாளம் கண்டுகொண்டான். ஷட்டருக்குள் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்த ஆள்தான் அது.

தம் உடைத்தபோது ஆவி எழுந்து பின்கட்டு முழுவதும் பரவியது. நாணு ஓடி வந்து ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். மூடிய கண் உடனே திறக்கவில்லை. "இதை வேண்டாம்னு சொல்ல மனுஷனால முடியாது ராஜமாணிக்கம்" என்றார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். இராஜமாணிக்கம் மூடியைத் திரும்பப் போட்டான்.

தேக்சாவை மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். கத்தரிக்காய்க் குழம்பு, வெங்காயப் பச்சடி. மின்விசிறிகளை ஓடவிட ஓஸ்வால்ட் சொல்லியிருந்தார். அவை வாசனையை அப்படியே வராந்தாவுக்குத் தள்ளின. இன்றைக்கு அவர் மாடியில் இல்லை, கீழேயே தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மணி அடித்தது. வராந்தாவில் செருப்புச் சத்தம் நெருங்கியது. வழக்கமாகப் பேச்சும் வரும், இன்று செருப்புகள் மட்டும்.

வரிசையின் முதலில் லட்சுமம்மா இல்லை. தமயந்தி இருந்தாள்.

யார் அவளை முன்னால் நிறுத்தினார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. யூனியன் நிறுத்தியிருக்கலாம், மாஸ்டர் பெண்டாட்டியே கவிழ்த்தால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்று. ஓஸ்வால்ட் சொன்னதற்காக அவளாகவே வந்து நின்றிருக்கலாம். அவளுக்கு அடுத்து நின்ற லட்சுமம்மாவின் முகத்திலும் அதே கேள்விதான் இருந்தது. தட்டு அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு தமயந்தி அவனை நோக்கி நடந்துவந்தாள். காலையில் பூ வைத்துக்கொள்ள மறந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. வாசனை அவளை வந்து தொட்ட இடம் அவனுக்குத் தெரிந்தது, அங்கே அவள் ஒரு கணம் நின்று எச்சில் விழுங்கினாள். பிறகு மேடைக்கு வந்து, தட்டை இரண்டு கையாலும் பிடித்து, நிமிர்ந்த மேனிக்கு அவன் முன்னால் நீட்டியபடி நின்றாள்.

நின்றவள் தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளில் அந்த மேடைக்கு முன்னால் அது முதல் தடவை. அந்தக் கண்களைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது, அவள் இன்னும் ஒரு முடிவுக்கும் வரவில்லை. அவனைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள். பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்க, பக்கத்தில் ஓஸ்வால்ட் கட்டிய கையை அவிழ்க்க, ராத்திரி வீட்டில் கேட்க முடியாமல் போனதை இந்த இடத்தில் வந்து கேட்கிறாள். உனக்கு எது வேண்டுமோ சொல்லு, நான் செய்கிறேன் என்று அந்தத் தட்டு சொன்னது.  

"போடு" என்றார் நாணு காதருகில். "போடுடா, போடு."

பழகிய கை தானாகவே தேக்சாவுக்குள் போய் அடியிலிருந்து அள்ளி வந்தது. சிவந்த சின்ன அரிசி, நல்ல தொடைக்கறி, அவளுக்கென்று எப்போதும் தேடி எடுக்கிற துண்டு. அவள்மேல் அவனுக்கு அப்போது வந்த பிரியத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு வாய் சாப்பிடேன் என்று கெஞ்ச வேண்டும் போல இருந்தது. கரண்டி தட்டுக்கு மேலே வந்து நின்றது. அங்கிருந்து கீழே இறங்க ஒரு சாண் தூரம்தான்.

"கவுத்துடு தமயந்தி" என்றான்.

மெதுவாகத்தான் சொன்னான் என்று அவன் நினைத்தான். ஆனால் விசிறிகளைத் தவிர எதுவும் ஓசைப்படாத அந்த ஹாலில் அது கடைசி மேசை வரைக்கும் போனது. நாணு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஓஸ்வால்ட் தூணைவிட்டு ஓர் அடி முன்னால் வந்தார். தமயந்தியின் முகம் சுருங்கியது, அவளுக்கு அழுகை வரப்போகிறது என்று நினைத்தான். அவள் அழவில்லை. அவனைப் பார்த்தபடியே, கண்ணை எடுக்காமல், தட்டைத் திருப்பினாள். இந்த ஐந்து நாளில் அவள் கவிழ்த்த தட்டுகளில் இதற்குத்தான் சத்தம் நன்றாகக் கேட்டது.

பிறகு லட்சுமம்மா தட்டோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டையும் தாண்டி, வெயிலுக்குள் வளைந்து போயிருந்தது. தேக்சாவிலிருந்து ஆவி எழுந்து மேடையில் கவிழ்ந்து கிடந்த அந்த ஒற்றைத் தட்டின் முதுகில் படிந்தது. எவர்சில்வரில் சின்னச் சின்ன முத்தாக வேர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து, விளிம்பு வழியாக மெல்ல இறங்கத் தொடங்கியது.